ஆடலாம், விழக்கூடாது!

வீட்டுப் பெரியவர் ஒரு தடவை வழுக்கி விழுந்துவிட்டால் போதும். அன்றைக்கே அந்த வீட்டில் ஓர் அவசரச் சட்டம் பிறந்துவிடுகிறது. "இனிமேல் தனியாக எழுந்திருக்கக் கூடாது. வாசல் பக்கம் போகக் கூடாது. மாடி ஏறுகிற பேச்சே கூடாது. காப்பி வேண்டுமா, கூப்பிடுங்கள், பேப்பர் வேண்டுமா, கூப்பிடுங்கள்" என்று பிள்ளை ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் போகிற பேத்தி ஒரு பக்கம் காவல் போட்டுவிடுகிறார்கள். அடிபட்டது என்னவோ முழங்கையில் ஒரு சிராய்ப்புத்தான். ஆனால் மனிதர் அன்று முதல் சாய்வு நாற்காலிக் கைதி!

பிரியத்தினால் செய்கிற காரியம் இது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும், வாசகர்களே, இதைவிடப் பொல்லாத வைத்தியம் வேறு இல்லை. நாற்காலியில் ஆறு மாதம் உட்கார்ந்த கால் ஆறு மாதத்துக்கு முன்பிருந்த கால் அல்ல. தொடைச் சதை வற்றியிருக்கிறது, கணுக்கால் இறுகியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் ராத்திரி, தூங்குகிற மருமகளை எழுப்ப மனமில்லாமல் பெரியவர் தாமே எழுந்து கொல்லைப் பக்கம் போவார். அன்றைக்கு விழுகிறது இருக்கிறதே, அது முழங்கைச் சிராய்ப்போடு போகிற விழுகை அல்ல.

"அதற்காக அவரை எழுந்து ஆடச் சொல்கிறீரா?" என்று நீங்கள் கேட்கலாம். ஏறக்குறைய அதைத்தான் சொல்லப் போகிறேன். சீன தேசத்தில் பிறந்து, இப்போது உலகமெல்லாம் வயோதிகர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிற ஓர் ஆட்டம். பெயர் தாய் சி.

அதற்கு வருமுன் கொஞ்சம் கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதே ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, உலகத்தில் கீழே விழுந்து உயிர் விடுகிறவர்கள் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர். இதில் எல்லா வயதினரும் சேர்த்தி. ஆனாலும் பெரும் பங்கு 60 வயதைத் தாண்டியவர்களுடையதுதான்.

ஏன் விழுந்தீர்கள் என்று விழுந்தவரையே கேட்டால் பதில் கிடைக்காது. "என்னமோ தெரியவில்லையப்பா, விழுந்துவிட்டேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. அதனால் கானடா தேசத்தில் சில ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதியோர் இல்லங்கள் இரண்டில் கூடம், சாப்பாட்டு அறை போன்ற பொது இடங்களில் காமிராக்களைப் பொருத்தி, 2007 முதல் 2010 வரை படம் பிடித்தார்கள். 130 பேர் விழுந்த 227 சம்பவங்கள் படத்தில் அகப்பட்டன. 2013-இல் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. நாமெல்லாம் எப்போதும் பழி போடுகிறோமே வழுக்கல், அது நூற்றுக்கு 3. (குளியலறையில் காமிரா வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இருக்கிற சோப்புத் தண்ணீருக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை.) கால் தடுக்கி விழுந்தது நூற்றுக்கு 21. எல்லாவற்றுக்கும் மேலே நின்ற காரணம், நூற்றுக்கு 41: தம்முடைய உடம்பின் பாரத்தைத் தாமே தவறாக நகர்த்திக்கொண்டது.

அதாவது, யாரும் தள்ளவில்லை, எதுவும் தடுக்கவில்லை. திரும்பினார், குனிந்தார், உட்காரப் போனார், ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறினார். அந்த மாற்றத்தில் பாரம் பாதத்துக்கு வெளியே போய்விட்டது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பரீட்சை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். (60 வயதைத் தாண்டியவர்கள் மேஜையோ சுவரோ கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.) அசையாமல் நிற்பதாகத்தானே நினைக்கிறீர்கள்? உள்ளங்காலைக் கவனியுங்கள். ஒரு கணம் விரல் பக்கம் அழுந்துகிறது. மறு கணம் குதிகால் அழுந்துகிறது. இடது பாதம் கொஞ்சம் கனக்கிறது. உடனே வலது பாதம் கனக்கிறது. அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. நாம் எல்லோரும் எந்நேரமும் தேர் மாதிரி ஆடிக்கொண்டுதான் நிற்கிறோம். தேர் ஆடுவதனால் விழுவதில்லை. எவ்வளவு ஆடினால் முட்டுக்கட்டை போடவேண்டும் என்று கட்டை போடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சங்கதி.

நம் உடம்பில் அந்த முட்டுக்கட்டைக்காரனுக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. கண் ஒன்று. காதின் உள்ளே இருக்கிற மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த சிறு பைகளும் ஒன்று. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்வது அவற்றின் வேலை. மூன்றாவது, உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும் அனுப்புகிற செய்தி. இந்த மூன்றையும் மூளை கலந்து பார்த்து, கெண்டைக்கால் சதைக்கும் இடுப்புச் சதைக்கும் உத்தரவு போடுகிறது. வயது ஏற ஏற மூன்று செய்தியாளர்களும் தளர்ந்துவிடுகிறார்கள். கண்ணில் புரை விழுகிறது. காதுக்குள் இருக்கிற நுண்ணிய மயிர் அணுக்கள் குறைகின்றன. சர்க்கரை வியாதி இருந்தால் உள்ளங்கால் மரத்துப் போகிறது. உத்தரவு வந்து சேருவதற்குள் தாமதமாகிறது. வந்த உத்தரவை நிறைவேற்றச் சதையில் வலுவில்லை.

இரண்டாவது பரீட்சை. எப்போதும் நடக்கிற வேகத்தில் நாலில் ஒரு பங்காக, ஓர் எட்டு எடுத்து வைக்க நாலு எண்ணுகிற அவகாசம் கொடுத்து, பத்தடி நடந்து பாருங்கள். முப்பது வயதுக்காரரானாலும் சரி, கொஞ்சம் தள்ளாடுவீர்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் பந்தயம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வேகமாகப் போகிற சைக்கிளில் குழந்தைகூட விழாமல் உட்கார்ந்திருக்கும். மெதுவாகப் போகிற சைக்கிளில்தான் ஓட்டுகிறவனின் சாமர்த்தியம் வெளிப்படும். நடையும் அப்படித்தான். சாதாரணமாக நடக்கும்போது நம் ஓட்டமே நம்மைக் காப்பாற்றுகிறது. ஒவ்வோர் எட்டும் முன்னால் விழப்போய்ப் பிடித்துக்கொள்வதுதான். மெதுவாக நடக்கும்போது அந்த உதவி இல்லை. ஒற்றைக் கால், உடம்பின் முழுப் பாரத்தையும், நிதானமாக, சில கணங்கள் தாங்கியாக வேண்டும்.

தாய் சி என்பது ஒரு மணி நேர ஸ்லோ சைக்கிள் பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தாய் என்ற சொல்லுக்கும் நம் தாய்க்கும் சம்பந்தமில்லை. 'சி' என்றால் பிராண வாயு என்று சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள், அதுவும் இல்லை. 'தாய் சி' என்பதற்குச் சீன மொழியில் 'அனைத்திற்கும் மேலான எல்லை' என்கிற மாதிரி அர்த்தம். முழுப் பெயரான 'தாய் சி சுவானி'ல் கடைசிச் சொல்லுக்குப் பொருள் முஷ்டி, அதாவது குத்து! ஆமாம், வயோதிகர்கள் பூங்காவில் மேகம் நகர்கிற மாதிரி செய்கிற இந்த ஆட்டம் ஆதியில் ஒரு சண்டை வித்தை. 17-ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் அது உருவாயிற்று. அங்கே கற்றுக்கொண்டு பெக்கிங் நகரத்துக்குப் போன யாங் லூசான் (1799-1872) என்பவருக்கு 'தோல்வியறியா யாங்' என்று பட்டப் பெயர். அவருடைய பேரர் யாங் செங்ஃபு (1883-1936) அதை ஒரே சீரான நிதான ஆட்டமாக்கிப் பொதுஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1956-இல் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறை, நீண்ட ஆட்டத்தைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட பாடமாக வெளியிட்டது. 2020-இல் யுனெஸ்கோ அதைத் தன் கலாசாரச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

"காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் சொல்லிக் கொடுத்ததல்லவா இது?" என்று எழுதுவதற்கு இந்நேரம் சிலர் பேனாவைத் திறந்திருப்பீர்கள். அந்தக் கதை ஷாவோலின் மடத்தைச் சேர்ந்தது. தாய் சியைச் சேர்ந்ததல்ல. ஷாவோலின் கதைக்கே சரித்திர ஆதாரம் இல்லை என்று டாங் ஹாவோ என்ற சீன ஆராய்ச்சியாளர் 1930-களில் எழுதி வைத்திருக்கிறார். பேனாவை மூடிவிடலாம்.

சரி, அதில் என்னதான் செய்கிறார்கள்? 'மேகம் போல் கை அசைத்தல்' என்று ஓர் அசைவு. முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு கை முகத்துக்கு நேரே, மற்றொரு கை வயிற்றுக்கு நேரே. மேலே இருக்கிற கை இடது பக்கமாக மிதந்து போகிறது. கையோடு கண் போகிறது; கண்ணோடு தலையும் இடுப்பும் திரும்புகின்றன; உடம்பின் பாரம் முழுவதும் மெள்ள மெள்ள இடது காலுக்கு இறங்குகிறது. இப்போது வலது கால் காலி. காலியான காலைப் பூனை மாதிரி சத்தமில்லாமல் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கைகள் இடம் மாறுகின்றன. பாரம் இந்தக் காலுக்குத் திரும்புகிறது. பார்ப்பதற்கு யாரோ கண்ணாடி துடைப்பது போலிருக்கும்.

ஆனால் கவனியுங்கள். கண், காது, கால் என்று மூன்று செய்தியாளர்களைச் சொன்னோமே, மூவருக்கும் ஒரே சமயத்தில் இங்கே வேலை வைத்தாகிவிட்டது. கால்களில் 'நிறைந்த கால்', 'காலியான கால்' என்று தாய் சிக்காரர்கள் பேதம் பார்க்கிறார்கள். முழுக்கக் காலியாகாத காலைத் தூக்கக் கூடாது. முன்னால் வைக்கிற காலில் முதலில் குதிகால்தான் தரையைத் தொடவேண்டும். தரை உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதில் பாரத்தை ஊற்ற வேண்டும். 'ஊற்ற' என்றுதான் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள். தம்ளரிலிருந்து டபராவுக்குக் காப்பி ஆற்றுகிற மாதிரி என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். கானடாக் காமிராவில் விழுந்தவர்கள் செய்யத் தவறியது எதுவோ, அதையே மணிக் கணக்காக, பதற்றமில்லாமல் பழகுகிறார்கள். 'பொற்சேவல் ஒற்றைக் காலில் நிற்பது' என்று இன்னோர் அசைவும் உண்டு. சின்ன வயதில் பாண்டி ஆடிய நம் பாட்டிமார்களுக்கு அது புதிதல்ல. அறுபது வருஷம் விட்டுப் போயிற்று, அவ்வளவுதான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. விழுவது குறைந்ததா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணினார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தின் எமரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன் வொல்ஃப் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1996-இல் வெளியிட்ட சோதனை இது. 70 வயதைத் தாண்டிய 200 பேர். அவர்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். 72 பேருக்குத் தாய் சி. நீண்ட ஆட்டத்திலிருந்து 10 அசைவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். 64 பேருக்கு கம்ப்யூட்டர்: பாரத்தை உணரும் மேடையின்மீது ஏறி நின்றால், உடம்பின் ஆட்டம் எதிரே திரையில் ஒரு புள்ளியாக ஓடும், அதைப் பார்த்துப் பார்த்து ஆட்டத்தை அடக்கப் பழக வேண்டும். மீதி 64 பேருக்கு உபந்நியாசம் மட்டும். பதினைந்து வாரம் நடந்தது. பிறகு யார் யார் எத்தனை தடவை விழுகிறார்கள் என்று கணக்கு வைத்தார்கள். தாய் சி கோஷ்டியில் திரும்பத் திரும்ப விழுகிற அபாயம் 47.5 சதவிகிதம் குறைந்திருந்தது. கம்ப்யூட்டர் கோஷ்டியில் அப்படிக் குறையவில்லை.

இதைவிட ருசிகரமான விஷயம் அடுத்த வருஷம் வந்தது. அதே கோஷ்டிகளில் கோஷ்டிக்கு 24 பேர் வீதம் எடுத்து, மேடையில் ஏற்றி, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். கம்ப்யூட்டரில் பழகியவர்கள் சிலை மாதிரி நின்றார்கள். ஆட்டம் நன்றாகக் குறைந்திருந்தது. தாய் சி பழகியவர்களிடம் அதிக மாற்றம் இல்லை. முன்பு போலவே ஆடிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பயம் போயிருந்தது!

ஆடாமல் நிற்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு விழுவது குறையவில்லை; ஆடிக்கொண்டே இருக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குக் குறைந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கே இது எதிர்பாராத முடிவாகத்தான் இருந்திருக்கும். ஆட்டத்தை அடக்குவதனால் அல்ல, ஆடினாலும் சமாளித்துக்கொள்வோம் என்ற தைரியத்தைக் கொடுப்பதனால்தான் தாய் சி ஓரளவு பலன் தருகிறதோ என்று அவர்கள் எழுதினார்கள்.

பயத்தை அற்பமாக நினைக்காதீர்கள். 1982-இல் மர்ஃபி, ஐசக்ஸ் என்ற இருவர், விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 36 வயோதிகர்களைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எலும்பிலும் நரம்பிலும் போதிய காரணம் ஒன்றும் இல்லாமலே அவர்களில் பலர் நடக்க முடியாமல் போனார்கள். பிடிமானமில்லாமல் இரண்டு எட்டு வைக்கச் சொன்னால் அகப்பட்டதையெல்லாம் தாவிப் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு 'விழுந்த பின் வருகிற வியாதி' என்று பெயரே வைத்தார்கள். நம் வீடுகளில் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிற பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். பயந்தவர் பாதத்தைத் தூக்குவதில்லை, தேய்க்கிறார், எட்டு குட்டையாகிறது, உடம்பு விறைக்கிறது, கண் தரையை விட்டு நகர்வதில்லை. "பார்த்து, பார்த்து!" என்று நாம் போடுகிற கூச்சல் அந்தப் பயத்துக்கு எண்ணெய்.

அட்லாண்டாவுக்கு அடுத்தபடி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் ராஜ்யத்தில் ஃபுசோங் லீ என்ற ஆராய்ச்சியாளர் இந்த வேலையை விடாப்பிடியாகச் செய்திருக்கிறார். அவர் 24 அசைவுகளை 8 ஆக்கினார். நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடங்க வழி செய்தார். வேண்டுமென்றே பாரத்தை எல்லைக் கோடு வரை கொண்டுபோய்த் திரும்புகிற பயிற்சிகளைச் சேர்த்தார். 2018-இல் வெளியான அவருடைய பெரிய சோதனையில் 670 பேர். எல்லோரும் 70-ஐத் தாண்டியவர்கள். முந்திய வருஷத்தில் விழுந்தவர்கள் அல்லது நடமாட்டம் தளர்ந்தவர்கள். வாரம் 2 நாள், நாளைக்கு ஒரு மணி நேரம், 24 வாரம். ஒரு கோஷ்டிக்குத் தாய் சி. ஒன்றுக்கு நடை, பலம், நிதானம் எல்லாம் கலந்த தேகப் பயிற்சி. ஒன்றுக்குக் கை கால் நீட்டி மடக்குவது மட்டும். ஆறு மாதத்தில் நீட்டி மடக்கியவர்கள் மொத்தம் 363 தடவை விழுந்தார்கள். கலவைப் பயிற்சிக்காரர்கள் 218. தாய் சிக்காரர்கள் 152. கோஷ்டிகள் அநேகமாகச் சம எண்ணிக்கை என்பதால் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். 2012-இல் அவரே பார்க்கின்ஸன் வியாதிக்காரர்கள் 195 பேரிடம் சோதித்தபோதும், நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய் சிக்காரர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. அட்லாண்டா வொல்ஃபே 2003-இல் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார். இந்தத் தடவை 70 முதல் 97 வயது வரையில், ஏற்கெனவே தளரத் தொடங்கிவிட்ட 311 பேர், 48 வாரம். தாய் சி கோஷ்டியில் ஒரு தடவையாவது விழுந்தவர்கள் 47.6 சதவிகிதம், உபந்நியாசக் கோஷ்டியில் 60.3. குறைவு என்னவோ குறைவுதான். ஆனால் தற்செயலாகவே ஏற்பட்டிருக்கலாம் என்பதைத் தள்ளிவிடுகிற அளவுக்கு வித்தியாசம் போதவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆக, ரொம்பத் தளர்ந்த பிறகு தொடங்கினால் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. உலகத்துச் சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்க்கிற காக்ரேன் ஸ்தாபனம் 2019-இல் போட்ட கணக்கில், தாய் சி விழுகையைச் சுமார் 19 சதவிகிதம் குறைக்கலாம் என்று வருகிறது; அந்த முடிவில் உறுதி குறைவு என்றும் குறித்திருக்கிறார்கள். நின்று கொண்டு செய்கிற வேறு நிதானப் பயிற்சிகளும் 24 சதவிகிதம் வரை குறைத்திருக்கின்றன. அதற்கு ஆதாரமும் பலம். ஆகையால் தாய் சி ஒன்றுதான் மருந்து என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றிப் பழகவேண்டும். எந்தப் பெயரில் பழகினாலும் சரி. "நான்தான் தினம் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றுகிறேனே, போதாதா?" என்பவர்களுக்கு: வெறும் நடை மட்டும் விழுகையைக் குறைக்கிறதா என்பது அந்தக் கணக்கில் தெளிவாகவில்லை. நடை இருதயத்துக்கு நல்லது, விட்டுவிடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்க அது சொல்லிக்கொடுக்காது.

விழுவதெல்லாம் காலின் குற்றமும் அல்ல. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ராத்திரி எழுந்தால் எந்த ஆட்டமும் காப்பாற்றாது. ரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிற சிலருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். கண்புரையை எடுக்காமல் தள்ளிப் போடுகிறவர்கள், மேலும் கீழும் இரண்டு பவர் உள்ள கண்ணாடியோடு படியிறங்குகிறவர்கள், எல்லோரும் முதலில் போகவேண்டிய இடம் டாக்டர் வீடுதான். தலை சுற்றல் இருந்தால் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் படத்தில் காணும் சீனப் பயில்வான் மாதிரி தாழ்ந்து உட்கார வேண்டியதில்லை. முழங்காலைப் பூட்டாமல் தளர்த்தினால் போதும். முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைக்கவில்லையென்றால், தாய் சியின் அரிச்சுவடி என்று சொல்லத்தக்க ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். கனமான, நகராத நாற்காலி ஒன்றின் முதுகுப்புறம் நில்லுங்கள். சமையல் மேடையானாலும் சரி. சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம். விரல்கள் அதன்மீது லேசாகப் படட்டும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைத் தளர்த்தி, ஐந்து எண்ணுவதற்குள் பாரம் முழுவதையும் வலது காலில் ஊற்றுங்கள். இடது குதிகால் தானாக லேசாகும். அது காலியாயிற்று என்று உள்ளங்காலுக்குத் தெரிந்ததும், மறுபடி ஐந்து எண்ணி இடது காலுக்குத் திரும்புங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம். கண் தரையில் வேண்டாம். எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பாருங்கள். சில வாரம் பழகிய பிறகு, தலையை மட்டும் பாரம் போகிற பக்கம் திருப்புங்கள். பிறகு பிடிமானத்தை இரண்டு விரலாக்குங்கள், ஒரு விரலாக்குங்கள். முன்பு விழுந்தவர்கள், பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் இதைச் செய்யவேண்டாம். பக்கத்தில் நிற்கிற ஆள் "பார்த்து, பார்த்து" சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.

வீட்டில் யாருக்கு இது அவசரம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்வீடன் தேசத்தில் உமேயா நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் 1997-இல் எழுதியது. முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்திவிட்டார்கள். நடக்கவும் பேசவும் ஒரே சமயத்தில் மூளைக்கு முடியவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். இன்று சாயங்காலம் உங்கள் மாமனாரோடு வாசல் வரை நடந்துகொண்டே, "அந்தக் காலத்தில் மணங்கு அரிசி என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். நடந்துகொண்டே சொன்னால் சந்தோஷம். நின்று, உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னால், நாளைக்கே அந்த நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். உட்காருவதற்கு அல்ல, அதன் பின்னால் நிற்பதற்கு.

"எனக்கு வயது 78, இனிமேல் என்ன சீன ஆட்டம்?" என்பார் அவர். ஓரிகனில் 2005-இல் வெளியான லீயின் முந்திய சோதனையில் 256 பேர். அதுவரை எந்தத் தேகப் பயிற்சியும் செய்யாதவர்கள். ஆறு மாதத்தில் நீட்டி மடக்கிய கோஷ்டி 73 தடவை விழுந்தது. தாய் சி கோஷ்டி 38 தடவை. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் வயது 70 முதல் 92 வரை என்று அவரிடம் சொல்லுங்கள்.